கண் எரிச்சலா? மாஸ்க்கின் மேல் விளிம்பைப் பார்

அன்புள்ள கயல்,

ஆஸ்பத்திரி டியூட்டி முடிந்து வரும்போது கண்ணில் மணல் விழுந்த மாதிரி உறுத்துகிறது, மூக்குத் தண்டும் சிவந்து கிடக்கிறது என்று எழுதியிருந்தாய். சொட்டு மருந்தைத் தேடுவதற்கு முன்னால் மாஸ்க்கின் மேல் விளிம்பைக் கவனிம்மா. அது சரியாகப் படியாவிட்டால், விடுகிற மூச்சு மேலே ஏறிக் கண்ணில்தான் அடிக்கும். கண்ணீர்ப் படலம் அதில் சீக்கிரம் உலர்ந்துவிடும். மூக்குக் கண்ணாடியில் ஆவி படிகிறதென்றால் கசிவு அங்கேதான்.

பலரும் மூக்குக் கம்பியை ஒரே கையால் கிள்ளிவிடுகிறார்கள். அது நடுவில் கூராக மடங்கி, இரு பக்கமும் இடைவெளி விழுந்துவிடும். இரண்டு கை விரல்களையும் தண்டின் மேல் வைத்துக் கன்னம்வரை அழுத்திக்கொண்டே போ. என்95 என்றால் மேல் பட்டை பின்தலையின் மேற்புறத்தில், கீழ்ப் பட்டை காதுக்குக் கீழே கழுத்தில். இரண்டும் குறுக்கே போகக் கூடாது. பிறகு இரு கையாலும் மாஸ்க்கை மூடி மூச்சை விட்டுப் பார். மூக்கருகே காற்று வந்தால் கம்பியைத் திருத்து. ஓரத்தில் வந்தால் பட்டையைச் சரிசெய். அதற்கும் அடங்கவில்லையென்றால் மேலும் இறுக்காதே, வேறு அளவோ வேறு மாடலோ கேட்டு வாங்கு. முகத்துக்குப் பொருந்தாத மாஸ்க்கை இறுக்கினால் புண்தான் மிச்சம். உன் மூக்குச் சிவப்புக்கும் அதுதான் காரணமாக இருக்கும் என்று எனக்குப் படுகிறது.

சர்ஜிக்கல் மாஸ்க்கின் மேல் விளிம்பில் டேப் ஒட்டலாம். கீழிமையை இழுக்கும்படி ஒட்டினால் மட்டும் கண் முழுதாக மூடாது, உலர்வு இன்னும் கூடும்.

தோலுக்கு, மாஸ்க் போட அரை மணி நேரம் முன்பே மாய்ஸ்சரைசரை மெல்லிசாகத் தடவி ஊற விடு. வாஸ்லின் வேண்டாம், மாஸ்க் வழுக்கும். மூக்கில் ஹைட்ரோகொல்லாய்டு, அதாவது தோலைக் காக்கும் ஜெல் பட்டை, ஒட்டுகிறாய் என்றால் மெல்லியதாகப் பார்த்து ஒட்டு. தடிமனானது கசிவுக்கு வழிவிடும். ஒட்டிய பிறகு மூச்சுச் சோதனையை மறுபடி செய். முடிந்தவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நோயாளிகள் பகுதியை விட்டு வெளியே வந்து, கை கழுவி, சில நிமிடம் கழற்றி வை. வார்டுக்குள் ஒரு கணம்கூடத் தூக்காதே, அரித்தாலும் சரி.

கிருமிநாசினியால் துடைத்த காகிள்ஸை, அதாவது பாதுகாப்புக் கண்ணாடியை, தண்ணீரில் அலசி, நன்றாக உலர்ந்த பிறகு போடு. மிச்சம் ஒட்டியிருக்கும் மருந்தே கண்ணை எரிக்கும். நெற்றி வலித்தால் அதன் பட்டையைத் தளர்த்து.

இவ்வளவுக்குப் பிறகும் உறுத்தினால் செயற்கைக் கண்ணீர். நாளைக்கு நாலு தடவைக்கு மேல் விடுவதாக இருந்தால், பதப்படுத்தும் மருந்து சேர்க்காததையே வாங்கு. கண் சிவப்பை மறைக்கிற சொட்டு மருந்து பக்கமே போகாதே. டியூட்டி நாளில் கான்டாக்ட் லென்ஸும் வேண்டாம்.

கண் சிமிட்டினால் தெளிகிற மங்கல் பெரும்பாலும் உலர்வுதான். சிமிட்டியும் தெளியாத மங்கல், வலி, வெளிச்சக் கூச்சம், பீளை, இவற்றில் எது வந்தாலும் அன்றைக்கே கண் டாக்டரிடம் போ. கிருமிநாசினி தெறித்தால் முதலில் 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவு, மற்றதெல்லாம் பிறகு.

வேறு மாடல் கேட்கக் கூச்சப்படாதே. கொடுத்தால் ஃபிட் டெஸ்ட்டும், அதாவது மாஸ்க் முகத்தில் கசியாமல் பொருந்துகிறதா என்ற சோதனையும், செய்யச் சொல்லிக் கேள். என்ன சொன்னார்கள் என்று எழுது.

அம்மா