பழைய சாக்கை ஏன் திரும்ப எடுப்பதில்லை?

வெண்பன்றி வளர்க்கும் எங்கள் வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

போன மாதத்திலிருந்து காலித் தீவனச் சாக்கை நாங்கள் திரும்ப எடுப்பதில்லை. குட்டி கொண்டுவரும் வண்டியும் பட்டிக்குள் நுழையாமல் வாசலோடு நின்றுவிடுகிறது. "சாக்குக்குப் பத்து ரூபாய் வந்துகொண்டிருந்தது, அதிலுமா கை வைப்பீர்கள்?" என்று மன்னார்குடிப் பக்கத்து வாடிக்கையாளர் ஒருவர் கடையிலேயே கேட்டுவிட்டார். நியாயமான கேள்விதான். அதனால்தான் இந்த மடல்.

பன்றியும் பன்றியும் உரசினால்தான் நோய் தொற்றும் என்று நினைக்கிறோம். அப்படி இல்லை, பன்றி வராமலே நோய் வந்துவிடும். ஆப்பிரிக்கப் பன்றிக்காய்ச்சல் 2007-இல் ஜார்ஜியாவுக்கு வந்தது கப்பலில் மிஞ்சிய இறைச்சிக் கழிவு வழியாகத்தான் என்பது பொதுவான கணிப்பு. 2018-இல் சீனா, 2020-இல் அசாம், 2022-இல் பக்கத்து வயநாடு என்று வந்துவிட்டது. நம் நாட்டில் இதற்குத் தடுப்பூசி கிடையாது. உறைய வைத்த இறைச்சியில் இந்தக் கிருமி வருஷக்கணக்கில் கிடக்கும். ஓட்டல் மிச்சம் போடுகிறவர்கள் கொதி வந்தவுடன் அடுப்பை அணைத்தால் போதாது. கிளறிக்கொண்டே ஒரு மணி நேரம் கொதிக்க விடவேண்டும். விறகுச் செலவைக் கணக்குப் போட்டால் தவிடே மேல் என்று எங்களுக்குத் தோன்றுகிறது. (தவிடு விற்கிறவன் வேறென்ன சொல்வான் என்பீர்கள், சரி.)

சாக்கு விஷயமும் இதுதான். பிளீச்சிங் பவுடரோ காஸ்டிக் சோடாவோ, சாணம் அப்பியிருந்தால் கிருமியிடம் போய்ச் சேராது. செருப்பையும் டயரையும் முதலில் தேய்த்துக் கழுவி, பிறகு மருந்துத் தண்ணீர் விடலாம். சாக்கின் இழைக்குள் புகுந்ததை யார் தேய்ப்பது? பத்துப் பட்டிச் சாக்கும் எங்கள் கடையில் ஒரே குவியலாகத்தான் கிடந்தது.

இன்னொன்று, நாங்களே பட்டுத் தெரிந்துகொண்டது. சில வருஷங்களுக்கு முன் ஒரு சந்தையில் குட்டிகள் பிடித்தோம். அதில் ஒன்று கொஞ்சம் சவலை. தின்றது, ஓடியது, தேறிவிடும் என்று விட்டோம். மூன்று வாரத்தில் மற்றவை ஒவ்வொன்றாகக் காய்ச்சலில் சுருண்டன. இது ஆப்பிரிக்கக் காய்ச்சல் அல்ல, பழைய பன்றிக்காய்ச்சல் (மனிதருக்கு வரும் ஸ்வைன் ஃப்ளூ இல்லை). தாய் சினையாக இருக்கும்போது இந்தக் கிருமி தாக்கினால், வயிற்றிலிருக்கும் குட்டியின் உடம்பு அதை அந்நியமாகவே பார்ப்பதில்லை. எதிர்ப்பு சக்தி உண்டாகாது. பிறந்து பல வாரம், சில சமயம் மாதக்கணக்கில், நடமாடிக்கொண்டே கிருமியைக் கொட்டிக்கொண்டிருக்கும். கடைசியில் மெலிந்து சாகும். அந்தக் குட்டிக்குத் தடுப்பூசி போட்டும் பயனில்லை; சுற்றியிருப்பவற்றுக்கு முன்பே போட்டிருந்தால் அவை தப்பும். எங்கள் பட்டியில் போட்டிருக்கவில்லை. இப்போது வெளியிலிருந்து வரும் குட்டியை முப்பது நாள் தனிக் கொட்டகையில் வைத்து, ஊசி போட்ட பிறகே விற்கிறோம். குட்டி கேட்டால் காக்கவைப்பது இதனால்தான்.

சினைக்கு விட ஆண்பன்றி தருவதையும் நிறுத்திவிட்டோம். 2013-இல் மிசோரத்தில் தெரியவந்த, கரு கலைக்கும் ஒரு மூச்சு நோய் உண்டு. பன்றி தேறிய பிறகும் அதன் கிருமி நெறிக்கட்டிகளில் மாதக்கணக்கில் தங்கும், விந்திலும் வரும்.

இவை மூன்றும் மனிதருக்கு வராது. ஆனால் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் வேறு. வயல் தண்ணீரில் பெருகும் கொசு, பன்றியிடமிருந்து அதை நம்மிடம் கொண்டுவரும். இந்தியாவில் முதலில் தெரியவந்ததே 1955-இல் நம் வேலூரில்தான். குறுவை, சம்பா, தாளடி என்று தண்ணீர் நிற்கும் ஊரில் பட்டியை வீட்டுக்குத் தள்ளிப் போடுங்கள், வலைக்குள் படுங்கள்.

அப்புறம், செத்த பன்றி. இருட்டில் வாய்க்காலில் தள்ளிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆப்பிரிக்கக் காய்ச்சல் உறுதியானால் 1 கிலோமீட்டர் சுற்றுவட்டத்துப் பன்றிகளை அழித்துவிடுவார்களே என்ற பயம். அந்தப் பயம் புரிகிறது. அப்படி அழிப்பவற்றுக்கு இழப்பீடு உண்டு. வாய்க்காலில் போட்டது மேட்டூர்த் தண்ணீரோடு கடைமடை வரை போகும், வழியில் எத்தனை பட்டி இருக்கிறதோ. இரண்டு பன்றி சேர்ந்தாற்போல் செத்தால் கால்நடை மருந்தகத்துக்குச் சொல்லுங்கள். ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரியும் பக்கத்தில்தான். அவர்கள் பார்த்த பிறகு ஆழக் குழி வெட்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதையுங்கள்.

சாக்குக் காசு எங்கும் போகவில்லை. ஆடி முதல் தேதியிலிருந்து மூட்டைக்குப் பத்து ரூபாய் பில்லிலேயே கழித்துவிடுகிறோம். போன மாதம் வாங்கியவர்கள் பழைய பில்லைக் கொண்டுவந்தால் அதற்கும் கழித்துத் தருவோம். சாக்கைக் கொண்டுவர வேண்டாம்.