குடல் அறுவைக்குப் பிந்தைய கவனிப்பு நம் மாவட்டத்திலேயே வேண்டும்

ஆசிரியருக்கு,

குரோன்ஸ், அல்சரேட்டிவ் கொலைடிஸ் போன்ற குடல் அழற்சி நோய்களுக்கு தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டத்தவர் பலர் சேலம், வேலூர், பெங்களூரு என்று போய் அறுவை செய்துகொள்கிறார்கள். அறுவை நன்றாகவே நடக்கிறது. கோட்டைவிடுவது அதற்கு முந்தைய சில வாரங்களிலும், மலம் சேர வயிற்றில் ஒட்டிய பையோடு வீடு திரும்பிய முதல் இரண்டு மாதங்களிலும்தான்.

ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டால் புண் ஆறாது என்று கேள்விப்பட்டு, அறுவைக்குமுன் பிரெட்னிசலோனைத் தாங்களாகவே நிறுத்திவிடுகிறார்கள். தினமும் 20 மில்லிகிராமுக்கு மேல் பல வாரம் ஓடியிருந்தால் தையல் பிரிவதும் சீழ் வைப்பதும் கூடும் என்பது உண்மையே. ஆனால் மூன்று வாரத்துக்கு மேல் சாப்பிட்டவருக்கு, உடம்பின் சொந்த ஸ்டீராய்டைச் சுரக்கும் அட்ரீனல் சுரப்பி வேலையைக் குறைத்திருக்கும். சட்டென்று நிறுத்தினால் ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகும். மருத்துவர் சொல்லும் கணக்கில்தான் குறைக்க வேண்டும். ரத்தசோகை இருந்தால், அழற்சியுள்ள குடலில் இரும்பு மாத்திரை சரிவர ஏறாது. நரம்பு வழியாக ஏற்றுவதே பலன் தரும்.

பை வைக்கும் இடத்தை அறுவைக்கு முன்பே வயிற்றில் குறித்துவிட வேண்டும். படுக்கவைத்து மட்டும் குறித்தால் போதாது. உட்கார்ந்து, நின்று, களை எடுப்பதுபோல் குனிந்து பார்த்து, மடிப்பு விழாத இடமாக, பாவாடை நாடாவும் வேட்டிக்கட்டும் அரைஞாண் கயிறும் படாத இடமாக இருக்க வேண்டும். மடிப்பில் அமைந்த பை ஒழுகும். சிறுகுடலிலிருந்து வருவதில் செரிமான நொதிகள் இருப்பதால், சில மணி நேரத்தில் தோல் வெந்துவிடும்.

சிறுகுடலை வெளியே வைத்தவர்களுக்கு (இலியோஸ்டமி) பெரிய எதிரி நீரிழப்பு. உப்பையும் நீரையும் உறிஞ்சும் பெருங்குடல் வழியில் இல்லை. நாளுக்கு ஒரு லிட்டர் வரை வெளியேறுவது இயல்பு. ஒன்றரை லிட்டரைத் தாண்டினால் வெறும் தண்ணீரும் டீயும் இளநீரும் குடித்துச் சமாளிக்க முடியாது. உப்புக் குறைந்த திரவம், உடம்பிலுள்ள உப்பையும் குடலுக்குள் இழுத்து வெளியே தள்ளும். உப்பும் சர்க்கரையும் கலந்த ஓ.ஆர்.எஸ். குடிக்க வேண்டும். அதைப் பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில்தான் கலக்க வேண்டும். ஒரு லிட்டர் பாக்கெட்டை டம்ளரில் கரைக்கக் கூடாது. பையைக் காலி செய்யும்போது அளவுக் குவளையில் ஊற்றிப் பார்த்து எழுதிவையுங்கள். சிறுநீர் குறைந்து அடர்ந்தால், கெண்டைக்கால் இழுத்துப் பிடித்தால், எழும்போது தலைசுற்றினால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். வாந்தியோடு பையில் ஒன்றுமே விழாமல் சில மணி நேரம் போனால் அடைப்பாக இருக்கலாம். அதற்கும் காத்திருக்கக் கூடாது.

முதல் ஆறு வாரம் குடல் வீங்கியிருக்கும். களியை நம் ஊரில் மென்று சாப்பிடுகிறவர் யார்? அந்த நாட்களில் உருண்டையாக விழுங்காமல், வடிகட்டிய கேழ்வரகுக் கூழாகக் குடிக்கலாம். முருங்கைக்காய், கீரைத்தண்டு, தேங்காய்ச்சில், பனங்கிழங்கு, நாருள்ள மாம்பழம் எல்லாம் பிறகு, கொஞ்சம் கொஞ்சமாக.

வெளியே தெரியும் குடல் (ஸ்டோமா) ஆறு முதல் எட்டு வாரத்தில் சுருங்கும். பையின் ஒட்டும் தகட்டில் மருத்துவமனையில் வெட்டிக் கொடுத்த ஓட்டை அளவிலேயே தொடர்ந்து வெட்டுவதால்தான் பல புண்கள் வருகின்றன. வாரம் ஒருமுறை அளந்து, சுற்றிலும் 2 மில்லிமீட்டர் மட்டும் விட்டு வெட்டுங்கள். இறுக்கினாலும் வலி தெரியாது, அந்தக் குடலுக்குத் தொடுவலி கிடையாது. தேங்காய் எண்ணெய், மஞ்சள் தடவினால் பை ஒட்டாது. மூன்றில் ஒரு பங்கு நிறைந்ததுமே காலி செய்யுங்கள். தண்ணீர்க் குடம் தூக்குவது எட்டு வாரத்துக்கு வேண்டாம்.

ரத்தக்கட்டு வராமலிருக்க வீட்டிலும் ஹெப்பாரின் ஊசி எழுதித்தந்தால் சொன்ன நாள்வரை போடுங்கள். வலிக்கு மருந்துக் கடையில் டைக்லோஃபெனாக் கேட்டு வாங்காதீர்கள். சிறுகுடலின் கடைசிப் பகுதியை எடுத்தவர்களுக்கு பி12 ஊசி தேவைப்படும். குரோன்ஸ் நோயாளிகள் பீடி, சிகரெட்டை விட்டாக வேண்டும். தொந்தரவே இல்லாவிட்டாலும் ஆறு மாதம் கழித்து கொலனோஸ்கோபி (குழாய்க் கேமராவால் குடலுக்குள் பார்க்கும் சோதனை) செய்துகொள்ள வேண்டும். நோய் பெரும்பாலும் குடலை வெட்டி இணைத்த இடத்திலேயே சத்தமில்லாமல் திரும்புகிறது.

தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. வீட்டில் டயாலிசிஸ் செய்பவர்களுக்குத் திரவப் பை கொண்டுபோகும் அந்த ஏற்பாட்டில் ஸ்டோமா பையையும் சேர்க்கலாம். இரு மாவட்ட அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் ஸ்டோமா பயிற்சி பெற்ற ஒரு செவிலியரை வாரம் ஒரு நாளாவது புறநோயாளிப் பிரிவில் உட்காரவைக்க வேண்டுகிறோம்.

– குடல் அறுவைப் பிரிவு செவிலியர்கள் சிலர், தருமபுரி