தோள்பட்டை சமாசாரம்

அன்பு மகனுக்கு,

எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள். இடது கை ஒற்றை விரலால் தட்டுகிறேன். வலது கை ஸ்லிங்கில் தொங்குகிறது. உன்னிடம் சொல்ல வேண்டாம் என்று அம்மாவைத் தடுத்தது நான்தான். புது வேலையில் சேர்ந்த மாதம், டிக்கெட் எடுத்து ஓடி வந்திருப்பாய்.

இங்கே சிங்கப்பூரில், தேக்கா சந்தையில் மீன்கடை முன்னால் வழுக்கி, வலது கையை ஊன்றி விழுந்தேன். தோள்மூட்டு நழுவி முன்பக்கம் வந்துவிட்டது. (இடது கையில் இருந்த மீன் பையை மட்டும் விடவில்லை.) அவசரப் பிரிவில் ஊசி போட்டு மூட்டைத் திரும்ப உள்ளே தள்ளினார்கள். எக்ஸ்ரேயில் முறிவு இல்லை. சரி, முடிந்தது என்று டாக்சி பிடித்து வீட்டுக்கு வந்துவிட்டேன்.

முடியவில்லை. இரண்டு வாரம் கழித்தும் கை தானாக மேலே போகவில்லை. இடது கையால் தூக்கினால் போகும், விட்டால் அரிசி மூட்டை மாதிரி விழும். எம்ஆர்ஐ எடுத்தால், தோளைத் தூக்கும் தசைநார் எலும்பிலிருந்து பிய்ந்திருக்கிறது. தோளின் வெளிப்பக்கம் மரத்தும் போயிருந்தது, நரம்பு இழுபட்டதாம். நரம்பு பெரும்பாலும் சில மாதங்களில் தானே தேறிவிடும், தசைநார் தானாக ஒட்டாது, தள்ளிப்போட்டால் சுருங்கி விலகிவிடும் என்றார் மருத்துவர். நாற்பதைத் தாண்டியவர்களுக்குத் தோள் நழுவினால் இது சகஜமாம்.

அறுவை சிகிச்சையில் சின்னச் சின்னத் துளை போட்டு, கேமராவில் பார்த்துக்கொண்டே, நூல் கோர்த்த குட்டி ஆணிகளை எலும்பில் இறக்கித் தைத்தார்கள். கை மரத்துப்போகக் கழுத்தில் போட்ட ஊசியால் அன்று ராத்திரி வரை அது என் கையே இல்லை. அது தெளிந்த பிறகுதான் வலி என்றால் என்ன என்று தெரிந்தது. தூக்கம் சாய்வு நாற்காலியில். ஸ்லிங் 6 வாரம், அப்புறம் மாதக்கணக்கில் பயிற்சி. தைப்பூசத்துக்கு டேங்க் ரோடு முருகன் கோயில் வரை பால்குடம் அம்மா தலையில். நான் பின்னால் தண்ணீர்ப் போத்தலோடு. மெடிசேவ் மருத்துவச் சேமிப்பில் கழித்தது போக மீதியும் கட்டியாயிற்று, பணம் அனுப்பாதே.

இவ்வளவும் எழுதுவது உன் தோளுக்காக. தேசியச் சேவையில் ஒரு தடவை, போன வருடம் பூப்பந்தில் ஒரு தடவை நழுவியது. நீயே உள்ளே தள்ளிக்கொண்டதாகச் சிரித்தாய். உன் வயதில் கிழிவது வேறாம்: மூட்டுக்குழியின் விளிம்பில் இருக்கும் வளையம். அது பிய்ந்தால் திரும்பத் திரும்ப நழுவும், நழுவும்போதெல்லாம் எலும்பும் தேயும். ரொம்பத் தேய்ந்தால் தைத்தால் போதாது, வேறு எலும்புத் துண்டை வைத்துத் திருகாணி போட வேண்டும். மெல்பர்னில் ஒரு எலும்பு மருத்துவரைப் பார். தேதி கிடைத்ததும் எனக்குச் சொல்.

அம்மா தட்டோடு வருகிறாள். இந்த வயதில் எனக்குச் சோறு ஊட்டுகிறாள், அதுவும் முறைத்துக்கொண்டே.

அப்பா