லைனிங் முடிவை மைக்கில் சொல்லாதீர்கள்

சென்னையில் கருத்தரிப்பு மையம் நடத்தும் மருத்துவர்களுக்கும் நிர்வாகிகளுக்கும்,

வணக்கம். போன வாரம் உங்களில் ஒருவருடைய மையத்தில் கருவைக் கர்ப்பப்பைக்குள் வைப்பதற்கு (டிரான்ஸ்ஃபர்) முன், கர்ப்பப்பையின் உள்படலம் (லைனிங்) எவ்வளவு தடிமன் என்று பார்க்கும் ஸ்கேன் முடிந்து கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். கவுண்டரில் இருந்த பெண் மைக்கில் என் பெயரைச் சொல்லி, "லைனிங் ஆறுதான் இருக்கு, பத்தலை. டிரான்ஸ்ஃபர் கேன்சல். பில் கட்டிட்டுப் போங்க" என்றார். கூடமே திரும்பிப் பார்த்தது. பக்கத்தில் என் மாமியார். பொழுது சாய்வதற்குள் தாம்பரம் முதல் திண்டிவனம் வரை சொந்தபந்தம் அத்தனைக்கும் செய்தி போய்விட்டது. "விதை நல்லாத்தான் இருக்கு, நிலம்தான் சரியில்லை" என்று ஒரு பெரியம்மா தீர்ப்பே சொல்லிவிட்டார்.

அந்த ஆறு மில்லிமீட்டர் எதைச் சொல்கிறது என்று நானாகப் படித்துத்தான் தெரிந்துகொண்டேன். கர்ப்பப்பையின் உள்படலத்தில் மேலடுக்கு மாதவிடாயில் உதிர்ந்து, அடியடுக்கிலிருந்து மறுபடி வளர்கிறது. ஈஸ்ட்ரோஜன் அதைத் தடிமனாக்கும். அப்புறம் புரோஜெஸ்டிரோன் அதைக் கரு ஒட்டிக்கொள்ளும் பக்குவத்துக்குக் கொண்டுவரும்; அந்தப் பக்குவம் சில நாள்தான். பல மையங்கள் 7 மி.மீ. வரட்டும் என்று காத்திருப்பதில் தப்பில்லை. ஆனால் அதற்குக் குறைவாக இருந்தும் கரு தங்கிய பெண்கள் உண்டு. மருந்தின் அளவை மாற்றலாம், இன்னும் சில நாள் பொறுத்துப் பார்க்கலாம், கர்ப்பப்பையைச் சுரண்டிச் சுத்தம் செய்த பழைய டி அண்ட் சி விட்ட தழும்பா, கர்ப்பப்பைக் காசநோயா என்று தேடலாம். இதில் ஒரு வரியை டாக்டர் வாயால் கேட்டிருந்தால் அன்று ராத்திரி தூங்கியிருப்பேன்.

நான் கேட்பது ஒன்றுதான்: லைனிங் முடிவைத் தனியறையில், டாக்டரே, புரியும் தமிழில் சொல்லட்டும்.

என் கணவரின் விந்தணு ரிப்போர்ட்டை மட்டும் ஒட்டிய கவரில் போட்டுக் கொடுக்கத் தெரிகிறதே! ஆண் மானத்துக்குக் கவர், பெண் மானத்துக்கு மைக்.

கேன்சல் என்ற கையோடு, உள்படலத்தை லேசாகக் கீறிவிட்டால் கரு நன்றாக ஒட்டும் என்று ஒரு பேக்கேஜை நீட்டினார்கள். 1,364 பெண்களிடம் இதைச் சோதித்துப் பார்த்த ஆய்வு 2019இலேயே வந்துவிட்டது. கீறியவர்களுக்கும் கீறாதவர்களுக்கும் குழந்தை பிறந்த விகிதத்தில் வித்தியாசமில்லை. அந்தப் பேக்கேஜை விளக்க மட்டும் ஒருவர் சிரித்த முகத்தோடு அரை மணி நேரம் உட்கார்ந்தார். பஸ்ஸின் முதுகு முழுக்கக் குழந்தைப் படம் ஒட்ட இடம் கிடைக்கிறது, கதவு வைத்த ஓர் அறைக்குத்தான் உங்களிடம் இடமில்லை போலிருக்கிறது.

சரி, கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன். 2021ஆம் ஆண்டின் செயற்கைக் கருத்தரிப்புச் சட்டமே தம்பதியரின் விவரங்களை ரகசியமாக வைக்கவும், வெற்றி வாய்ப்பையும் செலவையும் விளக்கவும் சொல்கிறது. புதிதாக எதையும் கேட்கவில்லை. தயவுசெய்து ஓர் அறை, ஐந்து நிமிடம், ஒரு டாக்டர். மாமியாரை உள்ளே கூப்பிடுவதா வேண்டாமா என்பதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
அடுத்த மாதமும் உங்கள் கூடத்தில் உட்காரப்போகும் ஒருத்தி