துப்பாக்கித் தடையின் வரையறை: அமைச்சர் ஹரி ஆனந்தசங்கரிக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய கனடாவின் பொதுப் பாதுகாப்பு அமைச்சர் அவர்களுக்கு,

வணக்கம். ஸ்காபரோவில் வாழும் தமிழர்களில் ஒருவராக உங்களுக்கு இதைத் தமிழிலேயே எழுதுகிறேன். இராணுவப் பாணித் துப்பாக்கிகளைத் தடைசெய்யும் உங்கள் அரசின் முடிவை நான் முழுமனதோடு ஆதரிக்கிறேன். என் கவலை அந்தத் தடை எழுதப்பட்டிருக்கும் விதத்தைப் பற்றியது.

2020 ஏப்ரலில் நோவா ஸ்கோஷியா மாகாணத்தில் துப்பாக்கிதாரி ஒருவனால் 22 பேர் கொல்லப்பட்டார்கள். மே 1ஆம் திகதி சுமார் 1,500 மாதிரிகளை அரசு ஒரே ஆணையில் தடைசெய்தது. 2024 டிசம்பரிலும் 2025 மார்ச்சிலும் மேலும் சேர்க்க, பட்டியல் இப்போது 2,500ஐத் தாண்டிவிட்டது. ஒவ்வொரு பெயராக எழுதிக்கொண்டே போனால் இதற்கு முடிவே வராது.

1989 டிசம்பர் 6, மொன்றியல் பொலிடெக்னிக்கில் 14 பெண்களைக் கொன்றவன் கையில் இருந்தது ருகர் மினி-14. இராணுவ ரைஃபிள் போலவே தோன்றும் ஏஆர்-15 சுடும் அதே .223 ரவையைத்தான் அதுவும் சுடும். விசையை அழுத்தும் ஒவ்வொரு தடவையும் ஒரு ரவை பாயும், அடுத்தது தானாக ஏறிக்கொள்ளும். மகசீன் முடிந்தால் கழற்றி இன்னொன்றை மாட்டலாம். ஆனால் மரக்கட்டை போட்ட அந்த ரைஃபிளைப் பார்த்தால் மான் வேட்டைக்குக் கொண்டுபோவது போலத்தான் இருக்கும். ஏஆர்-15 கூடுதல் அனுமதி தேவைப்படும் 'கட்டுப்படுத்தப்பட்ட' வகையில் இருந்தது. மினி-14ஐச் சாதாரண உரிமத்தோடு வாங்க முடிந்தது. 2020 வரை, முப்பது வருடங்களுக்கு மேலாக, அதுதான் நிலைமை. பிள்ளைகளைப் பறிகொடுத்த குடும்பங்கள் எத்தனை அரசுகளிடம் போய்க் கேட்டிருக்கும்!

துப்பாக்கிக் கட்டுப்பாட்டுக்கான சி-21 சட்டத்தில், எதைத் தடைசெய்வது என்பதற்கு ஒருவழியாக நல்ல வரையறை ஒன்று வந்தது. கைத்துப்பாக்கி அல்லாத, ரவையின் அடிப்பக்க நடுவில் ஊசி குத்தி வெடிக்கும் அரைத் தானியங்கி. ஆறு அல்லது அதற்கு மேற்பட்ட ரவைகள் கொள்ளும், கழற்றக்கூடிய மகசீனோடு வடிவமைக்கப்பட்டது. இது கடைக்காரருக்கும் புரியும், பொலிசுக்கும் புரியும். ஆனால் 2023 டிசம்பர் 15 முதல் வடிவமைத்துத் தயாரிக்கப்படுபவற்றுக்கு மட்டும்தான் பொருந்தும். அதற்கு முந்தியவற்றுக்குப் பழையபடி பட்டியல்தான். ஒரே மாதிரி வேலை செய்யும் இரண்டு துப்பாக்கிகளை, பிறந்த திகதி பார்த்து ஏன் பிரிக்க வேண்டும்? நோவா ஸ்கோஷியா கொலைகளை விசாரித்த ஆணைக்குழு தன் பரிந்துரையில் இப்படித் திகதி எதுவும் வைக்கவில்லையே.

அப்புறம் எஸ்கேஎஸ் என்ற பழைய சோவியத் அரைத் தானியங்கி ரைஃபிள். 2022 ஒக்டோபரில் ஒன்ராறியோவின் இன்னிஸ்ஃபில்லில் இரண்டு பொலிஸ் அதிகாரிகளைக் கொன்றது அந்தத் துப்பாக்கி. அதன் மகசீன் உடலோடு பொருத்தப்பட்டது என்பதால் புதிய வரையறைக்குள் வராது. சாதாரண எஸ்கேஎஸ் 2025 மார்ச் வரையான பட்டியல்களிலும் இல்லை. அதே நேரம், அது மலிவானது. உணவுக்காக வேட்டையாடும் முதற்குடி மக்கள் பலர் அதை வைத்திருக்கிறார்கள். 2022 நவம்பரில் அவர்களிடம் ஒழுங்காகக் கேட்காமல் அதையும் தடைசெய்யும் திருத்தம் கொண்டுவந்து, அடுத்த பெப்ரவரியில் அரசு அதைத் திருப்பி எடுத்துக்கொண்டது. இந்த முறை முதலில் அவர்களோடு உட்கார்ந்து பேசுங்கள். வேட்டை உரிமை உள்ளவர்களுக்கு உண்மையான விலக்குக் கொடுங்கள். பேசி முடித்து முடிவையும் எடுங்கள். தேர்தல் கணக்குப் பார்த்துத் தள்ளிப்போட வேண்டாம்.

எங்கள் ஸ்காபரோவுக்கு வேறொரு கவலையும் உண்டு. 2012இல் டான்சிக் வீதியில் கோடைக்கால விருந்துக்குக் கூடியவர்கள் மேல் கைத்துப்பாக்கிகளால்தான் சுட்டார்கள். ரொறன்ரோவில் குற்றங்களில் பிடிபட்டு, எங்கிருந்து வந்தவை என்று கண்டுபிடிக்கப்படும் கைத்துப்பாக்கிகளில் பெரும்பாலானவை அமெரிக்காவிலிருந்து கடத்தி வந்தவை. ரைஃபிள் பட்டியல் எவ்வளவு நீண்டாலும் அவற்றைத் தொடாது. எல்லைச் சோதனைக்கு என்ன செய்கிறீர்கள் என்பதையும் இதே மூச்சில் சொல்லுங்கள்.

தடைசெய்யப்பட்டவற்றை ஒப்படைக்க 2022 ஏப்ரல் வரைதான் காலம் கொடுத்திருந்தார்கள். அது நீண்டு நீண்டு 2026 ஒக்டோபர் 30 வரை வந்துவிட்டது. இனி நீட்டாதீர்கள். சி-21 சட்டத்தின் வரையறையில் இருக்கும் '2023 டிசம்பர் 15 முதல்' என்ற திகதி வரம்பை நீக்கும் திருத்தத்தை நாடாளுமன்றத்துக்குக் கொண்டுவாருங்கள்.

இப்படிக்கு,
ஸ்காபரோ வாக்காளர் ஒருவர்