ஓ.சி.டி. ஸ்கேன் அறிக்கையைப் பற்றி வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். எங்கள் கண் பரிசோதனை நிலையத்தில் ஓ.சி.டி. ஸ்கேன் (Optical Coherence Tomography, கண்ணின் உட்புறத்தில் ஒளியை உணரும் விழித்திரையை அடுக்கடுக்காகக் காட்டும் படம்) எடுத்துக்கொள்பவர்கள், அறிக்கை கைக்கு வந்ததும் முதலில் பார்ப்பது நிறத்தைத்தான். பச்சை இருந்தால் நிம்மதி. மஞ்சள் இருந்தால் சந்தேகம். சிவப்பு இருந்துவிட்டால் முகம் வாடிப்போகிறது. மருத்துவரைப் பார்க்கும் நாள்வரை தூக்கமில்லாமல் தவிப்பவர்கள் இருக்கிறார்கள். பச்சையைப் பார்த்துவிட்டு மருத்துவரிடம் போகாமலே இருந்துவிடுபவர்களும் இருக்கிறார்கள். இரண்டுமே சரியல்ல, இரண்டாவதில்தான் ஆபத்து அதிகம். அந்தத் தாளில் இருப்பது என்ன, இல்லாதது என்ன என்பதை ஸ்கேன் அறையின் வாசலில் நின்றபடி ஐந்து நிமிடத்தில் சொல்லி முடிக்க முடிவதில்லை. அதனால் எழுதி அனுப்புகிறோம்.

ஸ்கேன் எடுக்கும்போது நடப்பது எளிது. தாங்கியில் மோவாயை வைத்து, நெற்றியைப் பட்டையில் ஒட்டி, உள்ளே தெரியும் சிறு குறியைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். மெல்லிய சிவப்புக் கோடு ஒன்று நகர்வது தெரியும். சில நொடிகளில் முடிந்துவிடும். எதுவும் கண்ணைத் தொடாது. எக்ஸ்ரே கதிர் கிடையாது. கண்ணுக்குள் போவது குறைந்த வலிமையுள்ள அகச்சிவப்பை ஒட்டிய ஒளி மட்டுமே. திரும்பத் திரும்ப எடுத்தாலும் கண்ணுக்குக் கேடில்லை.

அந்த ஒளி செய்யும் வேலைதான் வியப்பானது. வயிற்றை ஸ்கேன் செய்யும் அல்ட்ராசவுண்டில் ஒலி உள்ளே சென்று எதிரொலித்துத் திரும்ப எவ்வளவு நேரம் ஆகிறது என்பதை வைத்து ஆழத்தைக் கணக்கிடுகிறார்கள். ஒளியிலும் அதே யோசனைதான். ஆனால் ஒளியின் வேகத்தில், சில மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்) ஆழ வேறுபாட்டால் உண்டாகும் தாமதத்தை எந்த மின்னணுக் கருவியாலும் நேரடியாக அளக்க முடியாது. ஆகவே ஒளியை இரண்டாகப் பிரிக்கிறார்கள். ஒரு பாதி கண்ணுக்குள் போகிறது. மறு பாதி, தொலைவு தெரிந்த ஒரு கண்ணாடிக்குப் போகிறது. திரும்பி வரும் இரண்டையும் ஒன்றுசேர்த்தால் ஒளி அலைகள் ஒன்றையொன்று கூட்டியும் குறைத்தும் உண்டாக்கும் குறுக்கீட்டு விளைவிலிருந்து, எந்த ஆழத்திலிருந்து எவ்வளவு ஒளி திரும்பியது என்று கணக்கிட்டுவிடலாம். இப்படி ஒவ்வொரு இடத்திலும் கிடைக்கும் ஆழக் கோடுகளை ஆயிரக்கணக்கில் அடுத்தடுத்து வைத்தால் விழித்திரையின் குறுக்குவெட்டுப் படம் கிடைக்கிறது. கத்தி படாமல், உயிருள்ள கண்ணில், ஐந்து மைக்ரான் அளவு நுணுக்கத்தில்!

இதை உலகுக்கு அறிவித்த ஆய்வுக்கட்டுரை 1991-ல் ‘சயின்ஸ்’ இதழில் வந்தது. டேவிட் ஹுவாங், எரிக் ஸ்வான்சன், ஜேம்ஸ் ஃபுஜிமோட்டோ முதலியோர் அதை எழுதியவர்கள். அதில் இருந்தது உடலிலிருந்து எடுக்கப்பட்ட விழித்திரையின் படம். இரண்டே ஆண்டுகளில், 1993-ல், உயிருள்ள மனிதர்களின் விழித்திரைப் படங்கள் வெளியாயின. 1996-ல் கருவி விற்பனைக்கு வந்தது. அன்றைய கருவி நொடிக்கு நூறு கோடுகள் எடுத்தது; இன்று சில கருவிகள் ஒரு லட்சத்துக்கும் மேல் எடுக்கின்றன. இந்த வேகம் வெறும் பெருமைக்காக அல்ல. கண் ஒருபோதும் அசையாமல் இருப்பதில்லை. மெதுவாக எடுத்தால் படம் கலைந்துவிடும். ஹுவாங், ஸ்வான்சன், ஃபுஜிமோட்டோ மூவருக்கும் 2023-ல் மருத்துவ ஆய்வுக்கான பெருமைமிக்க லாஸ்கர் விருது வழங்கப்பட்டது. கண் மருத்துவத்தில் இதைவிடப் பொருத்தமான கௌரவம் அண்மையில் வேறெதற்கும் கிடைத்ததாக எங்களுக்குத் தோன்றவில்லை.

விழித்திரையின் நடுப்பகுதியான மாகுலாவில்தான் இந்தக் கருவியின் அருமை உடனே விளங்கும். படிப்பதும் முகங்களை அடையாளம் காண்பதும் அந்தச் சிறிய இடத்தைக் கொண்டுதான். ஆரோக்கியமான கண்ணின் படத்தில் நடுவே மென்மையான ஒரு பள்ளம் தெரியும். இரு பக்கமும் அடுக்குகள் சீராக ஓடும். சர்க்கரை நோயால் ரத்தக் குழாய்கள் கசியும்போது அந்தப் பள்ளம் மேடாகிவிடுகிறது. அடுக்குகளுக்குள் கறுப்புக் குமிழ்களாக நீர் தேங்கியிருப்பது தெரிகிறது. வயது முதிர்வால் வரும் மாகுலா சிதைவின் தொடக்கத்தில் அடித்தளத்தில் சிறுசிறு முண்டுகள் இருக்கும். அது ஈர வகையாக மாறினால் விழித்திரைக்கு அடியில் நீர் சேரும். மாகுலாவில் ஓட்டை விழுந்திருக்கிறதா, மேலே ஒரு சவ்வு படர்ந்து இழுக்கிறதா என்பதையெல்லாம் முன்பு கைதேர்ந்த மருத்துவர்களே ஊகித்துச் சொல்ல வேண்டியிருந்தது. இன்று படத்தைப் பார்த்தால் நோயாளிக்கே புரிகிறது.

சிகிச்சையின் போக்கையே இந்தப் படம் மாற்றியிருக்கிறது. 2005-ல், புற்றுநோய்க்கான பெவாசிசுமாப் மருந்தை ஈர வகை மாகுலா சிதைவு இருந்த ஒருவரின் கண்ணுக்குள் ஊசியாகச் செலுத்திப் பார்த்தார்கள். ஒரே வாரத்தில் விழித்திரைக்கு அடியில் இருந்த நீர் வற்றியதை ஓ.சி.டி. படம் காட்டியது. அதன்பின் அந்த மருந்து கண் மருத்துவத்தில் எவ்வளவு பரவியது என்பதை ஊசி போட்டுக்கொள்பவர்கள் அறிவார்கள். தொடக்கத்தில் இவ்வகை ஊசிகளை மாதந்தோறும் தவறாமல் போட்டார்கள். நீர் மீண்டும் சேர்கிறதா என்று படத்தில் பார்த்து ஊசியைத் தீர்மானிக்கும் முறையும், இடைவெளியைச் சிறிது சிறிதாக நீட்டிக்கும் முறையும் பிறகு வந்தன. ‘ஒவ்வொரு முறையும் ஸ்கேன் எதற்கு?’ என்று கேட்பவர்களுக்கு எங்கள் பதில் இதுதான்: அடுத்த ஊசி எப்போது என்பதைச் சொல்வதே அந்தப் படம்.

இனி, அந்த நிறங்கள்.

நிறம் பெரும்பாலும் வருவது, பார்வை நரம்பு மெல்ல மெல்லச் சிதையும் நோயான கிளாக்கோமாவுக்கான அறிக்கையில். பார்வை நரம்பைச் சுற்றியுள்ள நரம்பிழை அடுக்கின் தடிமனைக் கருவி அளக்கிறது. ஆரோக்கியமானவர்களுக்குச் சராசரியாக 90 முதல் 100 மைக்ரான் அளவில் இருக்கும். இந்த அளவைக் கருவி தன்னிடம் உள்ள, உங்கள் வயதையொத்த ஆரோக்கியமானவர்களின் அளவுகளோடு ஒப்பிடுகிறது. அவர்களில் மிக மெல்லிய 1 சதவீதத்தினரின் வரம்புக்குள் நீங்கள் வந்தால் சிவப்பு. 5 சதவீதத்துக்குள் வந்தால் மஞ்சள். அவ்வளவுதான் அதன் பொருள். நோயே இல்லாத நூறு பேரை அளந்தாலும் ஒருவருக்குச் சிவப்பு வரத்தான் செய்யும். அறிக்கையில் ஒன்றல்ல, பல பகுதிகள் தனித்தனியாக அளக்கப்படுவதால் எங்காவது ஒரு கட்டம் சிவப்பாவது இன்னும் சகஜம்.

கிட்டப்பார்வை அதிகம் உள்ளவர்கள் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். அவர்களின் கண் நீளமானது. நரம்பிழைகள் ஓடும் பாதை சற்று விலகியிருக்கும், அளவும் மெலிந்து தெரியும். கருவியின் ஒப்பீட்டுப் பட்டியலில் இப்படிப்பட்ட கண்கள் பெரும்பாலும் போதிய அளவில் இடம்பெறுவதில்லை. விளைவு, நோயில்லாமலே சிவப்பு. கண் மருத்துவர்கள் இதைச் ‘சிவப்பு நோய்’ என்றே சொல்வதுண்டு. அதாவது தாளில் மட்டும் இருக்கும் நோய்.

அவர்களே ‘பச்சை நோய்’ என்றும் ஒன்றைச் சொல்கிறார்கள். எங்களை அதிகம் கவலைகொள்ள வைப்பது இதுதான். ஒருவருக்கு இயல்பிலேயே நரம்பிழை தடிமனாக 108 மைக்ரான் இருந்தது என்று வைத்துக்கொள்வோம். சில ஆண்டுகளில் அது 94-க்கு வந்துவிட்டது. இரண்டு அறிக்கைகளும் பச்சைதான். தனித்தனியாகப் பார்த்தால் எந்தக் குறையும் தெரியாது. பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், வயதால் குறைவதைவிட வேகமாக 14 மைக்ரான் போயிருப்பது தெரியும். கிளாக்கோமாவில் போன நரம்பிழை திரும்ப வராது. பார்வையில் குறை உணர்வதற்குள் கணிசமான இழைகள் போய்விட்டிருக்கும். ஆகவே ஓர் அறிக்கையின் நிறத்தைவிட, இரண்டு அறிக்கைகளுக்கு இடையே உள்ள வேறுபாடு பல மடங்கு முக்கியம். இந்த மடலில் ஒரே ஒரு செய்தியை நினைவில் வைப்பதானால் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த வேறுபாட்டைச் சரியாகக் காண வேண்டுமென்றால், முடிந்தவரை ஒரே வகைக் கருவியில் தொடர்ந்து எடுக்க வேண்டும். விழித்திரையின் எல்லை எங்கே முடிகிறது என்பதை ஒவ்வொரு நிறுவனத்தின் மென்பொருளும் ஒவ்வொரு விதமாக வகுக்கிறது. ஒரே நாளில் ஒரே கண்ணை இரண்டு கருவிகளில் எடுத்தால் மாகுலாவின் தடிமன் பல மைக்ரான் வேறுபடலாம். அதைப் பார்த்து நோய் முற்றிவிட்டது என்றோ குணமாகிவிட்டது என்றோ முடிவுகட்டக் கூடாது. இதை எங்களிடமே வர வேண்டும் என்பதற்காகச் சொல்லவில்லை. வேறு இடத்தில் எடுத்துவந்தவர் என்றால் அங்கேயே தொடர்வது நல்லது என்று நாங்களே சொல்லி அனுப்பியிருக்கிறோம்.

அறிக்கையின் ஓரத்தில் படத்தின் தரத்தைக் குறிக்கும் எண் ஒன்று இருக்கும். பலரும் கவனிப்பதில்லை. கண் உலர்ந்திருந்தாலோ, கண்புரை இருந்தாலோ, நடுவில் இமைத்தாலோ அது குறைந்துவிடும். ஒளி குறைந்த படத்தில் அடுக்குகளின் எல்லையைக் கருவி தவறாக வரையும். தடிமன் இருப்பதைவிடக் குறைவாகக் காட்டும். அதனால்தான் எங்கள் ஊழியர் செயற்கைக் கண்ணீர்ச் சொட்டு விட்டு இன்னொரு முறை எடுக்கிறார். அந்த இரண்டாவது தடவைக்குப் பொறுமையோடு ஒத்துழையுங்கள்.

கிளாக்கோமா முற்றியவர்களுக்கு ஒரு வார்த்தை. நரம்பிழை அடுக்கு ஓரளவுக்கு மெலிந்தபின், நோய் தொடர்ந்தாலும் தடிமன் அளவு அதற்குமேல் இறங்காது. இழைகள் போனாலும் தாங்கு திசுவும் ரத்தக் குழாய்களும் எஞ்சியிருப்பதே காரணம். அந்த நிலையில் ஸ்கேன் மாறவில்லை என்பதை நம்பி இருக்கக் கூடாது. விளக்குப் புள்ளிகளைப் பார்த்துப் பொத்தானை அழுத்தும் பார்வைப் புலப் பரிசோதனைதான் அப்போது வழிகாட்டும்.

மூட்டுவாதத்துக்கோ, உடலின் நோய் எதிர்ப்பு ஆற்றலே உடலைத் தாக்கும் லூப்பஸ் நோய்க்கோ ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் மாத்திரையை நீண்டகாலம் சாப்பிடுபவர்களும் இந்த ஸ்கேனுக்கு உரியவர்கள். அரிதாக அம்மருந்து மாகுலாவைப் பாதிக்கும். பாதித்தால் மீட்க முடியாது. மருந்து தொடங்கிய முதல் ஆண்டுக்குள் ஒரு கண் பரிசோதனையும், கூடுதல் அபாயம் இல்லாதவர்களுக்கு ஐந்து ஆண்டுகளுக்குப்பின் ஆண்டுதோறும் ஓ.சி.டி.யும் பார்வைப் புலப் பரிசோதனையும் வேண்டும் என்பது அமெரிக்கக் கண் மருத்துவக் கழகம் 2016-ல் வெளியிட்ட பரிந்துரை. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு முன்னதாகவே தொடங்க வேண்டியிருக்கும். மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். மருந்து எழுதிக்கொடுத்த மருத்துவரிடம் பேசுங்கள்.

கண்ணின் முன்பகுதிக்கும் ஓ.சி.டி. உண்டு. கருவிழியின் தடிமன், கண்ணுக்குள் சுரக்கும் நீர் வடியும் கோணம் ஆகியவற்றை அது காட்டும். ரத்தக் குழாய்களைக் காண்பதற்கு ஓ.சி.டி. ஆஞ்சியோகிராபி என்று ஒன்று வந்துள்ளது. அதற்குச் சாய ஊசி தேவையில்லை. ஓடும் ரத்த அணுக்களால் அடுத்தடுத்த படங்களில் ஏற்படும் மாற்றமே குழாய்களைக் காட்டிக்கொடுக்கிறது. ஆனால் குழாய் கசிகிறதா என்பதை அதில் பார்க்க முடியாது. எனவே மருத்துவர் சில வேளைகளில் சாய ஊசிப் பரிசோதனையைக் கேட்பது பழைய பழக்கத்தினால் அல்ல.

ஆய்வுக்கூடங்களிலிருந்து வரும் செய்திகளைப் பற்றியும் பலர் கேட்கிறீர்கள். மூளை, தண்டுவட நரம்புகளின் உறையைப் பாதிக்கும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோய் உள்ளவர்களுக்கு நரம்பிழை அடுக்கு மெலிவதை ஆய்வாளர்கள் 1990-களின் இறுதியிலேயே கண்டார்கள். விழித்திரை மூளையின் நீட்சி என்பதால் அல்சைமர், பார்க்கின்சன் நோய்களிலும் தேடல் நடக்கிறது. இதில் எங்கள் கருத்து உறுதியானது: கூட்டமாகப் பலரை ஒப்பிடும்போது தெரியும் வேறுபாட்டை வைத்து, தனி ஒருவருக்கு மறதி நோய் இருக்கிறது, இல்லை என்று இன்று சொல்ல முடியாது. ஸ்கேன் எடுத்து அப்படிச் சொல்வதாக யாராவது விளம்பரம் செய்தால் நம்பாதீர்கள். செயற்கை நுண்ணறிவு விஷயம் வேறு. லண்டனின் மூர்ஃபீல்ட்ஸ் கண் மருத்துவமனையும் டீப்மைண்ட் என்ற செயற்கை நுண்ணறிவு நிறுவனமும் 2018-ல் வெளியிட்ட ஆய்வில், ஓ.சி.டி. படங்களைப் பார்த்து யாரை எவ்வளவு அவசரமாக மருத்துவரிடம் அனுப்ப வேண்டும் என்பதைக் கணினி நிபுணர்களுக்கு இணையாகச் சொன்னது. ஈர வகை மாகுலா சிதைவு உள்ளவர்கள் வீட்டிலேயே தாமாக எடுத்துக்கொள்ளும் ஓ.சி.டி. கருவி ஒன்றுக்கு அமெரிக்காவில் 2024-ல் அனுமதி கிடைத்தது. மருத்துவமனைக்கு அலைய முடியாத முதியவர்களை நினைக்கும்போது இதுபோன்ற செய்திகள் எங்களுக்கு மிகுந்த மகிழ்ச்சியைத் தருகின்றன.

ஸ்கேன் நன்றாக வந்துவிட்டால் கண்ணில் வேறு பிரச்சினையே இல்லை என்று எண்ண வேண்டாம். வழக்கமான ஓ.சி.டி. விழித்திரையின் நடுப்பகுதியையும் பார்வை நரம்பின் சுற்றுப்புறத்தையும் மட்டுமே படமெடுக்கிறது. ஓரங்களில் விழும் கிழிசல் அதில் தெரியாது. கண்ணின் அழுத்தத்தையும் அது அளப்பதில்லை. திடீரென்று கண்ணில் மின்னல்போல் ஒளி வெட்டினாலோ, கறுப்புப் புள்ளிகள் மிதந்தாலோ, ஒரு பக்கத்திலிருந்து திரை விழுவதுபோல் இருந்தாலோ, நேரே உங்கள் கண் மருத்துவரிடம் செல்லுங்கள். சொட்டு மருந்து விட்டுக் கண்மணியை விரியச் செய்து அவர் பார்ப்பதுதான் அதற்குரிய பரிசோதனை. கதவு நிலை, தாளில் போட்ட கோடு போன்ற நேரானவை வளைந்து தெரிந்தாலும் அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாதீர்கள்.

அடுத்த முறை வரும்போது பழைய ஸ்கேன் அறிக்கைகள் அனைத்தையும், எங்கே எடுத்ததாக இருந்தாலும், கொண்டுவாருங்கள். எடுத்த தேதியும் கருவியின் பெயரும் தெரியும்படி முழுத் தாளாக இருக்கட்டும். கைபேசியில் பாதி தெரியும் படம் ஒப்பிட உதவாது. உங்கள் கண்ணாடியின் பவர், சாப்பிடும் மாத்திரைகள், குடும்பத்தில் கிளாக்கோமா யாருக்காவது இருந்ததா என்பவற்றை ஸ்கேனுக்கு முன்பே எங்கள் ஊழியரிடம் சொல்லுங்கள். அறிக்கையின் ஓரத்தில் அதையும் குறித்துக் கொடுக்கிறோம், மருத்துவருக்குப் பயன்படும்.

அன்புடன்,
உங்கள் கண் பரிசோதனை நிலையத்தார்