நத்தை ஆற்றிலிருந்து ஒரு கடிதம்

சுங்கை சிப்புட், பேராக், மலேசியா.

அன்புத் தங்கச்சிக்கு,

நான் நலம். அம்மாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? ஆஸ்பத்திரி வேலைக்காக நீ ஜெர்மன் வகுப்பில் சேர்ந்ததாகவும், சொற்கள் மனத்தில் நிற்கவில்லை என்று அழுததாகவும் அப்பா போனில் சொன்னார். கேட்டதிலிருந்து எனக்கும் மனசு சரியில்லை. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

இந்த ஊரைச் சுற்றி ரப்பரும் செம்பனையும்தான். சந்தை, கோயில், எங்கே போனாலும் தமிழ் கேட்கும். மலாய் இல்லாமலே காலம் தள்ளலாம் என்று நினைத்துவிட்டேன். உணவகத்தில் நின்ற முதல் நாளே ஒரு லாரி ஓட்டுநர் தட்டைக் காட்டி, 'குவா பஞ்சிர்' என்றார். அகராதியைப் பார்த்தால் குவா என்பது குழம்பு, பஞ்சிர் என்பது வெள்ளம். சோறு மூழ்கக் குழம்பு ஊற்றச் சொல்கிறார் என்று கூட வேலை செய்யும் அண்ணன் சொல்லித்தான் தெரிந்தது.

அந்த அண்ணன்தான் சொற்களை மனத்தில் நிறுத்த உதவும் ஆன்கி என்ற செயலியை என் போனில் போட்டுக் கொடுத்தார். கம்ப்யூட்டரிலும் ஆண்ட்ராய்டிலும் இலவசம், ஐபோனுக்குத்தான் காசு. அதில் ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு கார்டு: ஒரு பக்கம் சொல், மறுபக்கம் பொருள். மனத்துக்குள் விடை சொல்லிவிட்டுத் திருப்பிப் பார்க்க வேண்டும். சுலபமா, தடுமாறினாயா, மறந்தே போனாயா என்று நீ அமுக்கும் பொத்தானைப் பார்த்து, அடுத்து எப்போது கேட்பது என்று அதுவே கணக்குப் போடும். தெரிந்த சொல் சில நாள் கழித்து வரும், அப்புறம் சில வாரம், பிறகு மாதங்கள். மறந்த சொல் உடனே திரும்பும். மறதி எப்படி நடக்கிறது என்று எப்பிங்காவுஸ் என்பவர் அர்த்தமில்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, அளந்து, 1885-ல் எழுதி வெளியிட்டார். அவரும் ஜெர்மன்காரர்தான்.

முதலில் யாரோ தயாரித்து வைத்த 2000 சொற்களை இறக்கிப் படித்தேன். ஒன்றும் ஒட்டவில்லை. எல்லாவற்றையும் அழித்துவிட்டு, அன்றன்று காதில் விழுவதை மட்டும் வாக்கியத்தோடு எழுத ஆரம்பித்தேன். மேசை காலியாக இருந்தால் 'கோசொங்', போன் எண்ணில் பூஜ்யத்துக்கும் 'கோசொங்', சர்க்கரை போடாத டீயும் 'தே கோசொங்'. ஒரே சொல்தான், ஆனாலும் மூன்றுக்கும் தனித்தனி கார்டு போட்டேன். இன்றுவரை மறக்கவில்லை.

கெலாப்பா தேங்காய், கெப்பாலா தலை. காய்ச்சலோடு கிளினிக்கில் நின்றபோது தலைவலி என்று சொல்ல வேண்டியவன் தேங்காய் வலி என்று சொல்லிவிட்டேன். வலியைக்கூடச் சொல்லத் தெரியவில்லையே என்று அன்று தூங்கவே இல்லை. எட்டுத் தடவை தவறிய சொல்லை ஆன்கி 'இரத்தம் குடிக்கும் அட்டை' என்று குறித்துவிடும். இங்கே மழை பெய்தால் தோட்டத்தில் காலில் ஏறுமே, அதே அட்டை. அப்படிப்பட்ட சொல்லை அப்படியே விடாமல் புதிதாக எழுத வேண்டும். நான் அம்மா தேங்காய் உடைக்கும் படத்தைக் கெலாப்பாவில் ஒட்டினேன். அதன்பிறகு அது குழம்பவே இல்லை.

சில சொற்களுக்குக் கார்டே வேண்டாம். கெடாய் கடை, கப்பால் கப்பல், காத்தில் கட்டில், பெத்தி பெட்டி. நம் ஆட்கள் தோட்டத்துக்கு வருவதற்கு நெடுங்காலம் முன்பே கடல் கடந்த சொற்கள் இவை. இந்த ஊர்ப் பெயர் மட்டும் சுத்த மலாய். சுங்கை ஆறு, சிப்புட் நத்தை.

உனக்கு ஒன்று சொல்கிறேன். ஜெர்மனில் பெயர்ச்சொல்லைத் தனியாக எழுதாதே. மேசைக்கு 'டிஷ்' என்று எழுதாமல் 'டேர் டிஷ்' என்றே எழுது. அந்த 'டேர்'தான் அது ஆண்பால் சொல் என்று காட்டும். பால் தெரியாமல் படித்தால் பிறகு திருத்துவது கஷ்டம். நாளுக்குப் பத்துப் புதிய சொல் போதும். ஆனால் பழையதைத் திருப்பிப் பார்ப்பதை ஒருநாளும் விடாதே. தீபாவளி வாரம் நான் விட்டேன், திரும்பி வந்தபோது 300 கார்டு காத்திருந்தது.

ஆஸ்பத்திரியில் நோயாளி உன்னிடம் என்னவெல்லாம் கேட்பார் என்று யோசித்து, அதிலிருந்து முதல் இருபது வாக்கியங்களை எழுது. எழுதியதும் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பு.

உன் அண்ணன்